உரிமை கோருவார் இல்லாத உடல்கள்

வடலூரை அடுத்த மேட்டுக்குப்பத்தில் சித்திவளாகம் என்னும் திருமாளிகை உள்ளது. 1874-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30-ஆம் நாள் இராமலிங்க அடிகளார் அங்குள்ள ஓர் அறைக்குள் சென்றார், கதவு அடைக்கப்பட்டது. அதன்பின் அவரை எவரும் கண்டதில்லை. 1878-இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்டக் கையேட்டில் அதன் ஆசிரியர் கார்ஸ்டினும் இச்செய்தியைக் குறித்துள்ளார். அவ்வறைக்குள் நிகழ்ந்தது யாது என்பதை அவரவர் தத்தம் நம்பிக்கைக்கேற்ப விளங்கிக்கொள்வர். அதனை ஆராய்வது நம் நோக்கமன்று. அடியார்கள் கண்டு வணங்க அவருடைய உடல் இல்லை என்பதே இங்கு நாம் கருதத்தக்கது. இறந்தோரை எரிக்காமல் மண்ணில் அடக்கம் செய்ய வேண்டும் என்றும், இறந்தோர் எழுப்பப்படும் காலம் ஒன்று வரும் என்றும் அடிகளார் தம்மைச் சார்ந்தோருக்குப் போதித்தார். உடலின் உயிர்ப்பை நம்பி அறிக்கையிடும் நமக்கு இப்போதனை அயலாகத் தோன்றாது.

இவ்வாறு உடலை மறைத்துப் போற்றும் மண்ணில் வாழும் நாம், இறந்த உடலைத் திறந்து காட்டும் ஒரு கலையை இன்று எதிர்கொள்கிறோம். அதனை அருவருத்து ஒதுக்குவது எளிது. அறிவியல் என்று சொல்லி ஏற்றுக்கொள்வது அதனினும் எளிது. இவ்விரண்டும் திறனாய்வு ஆகா. காட்டப்படும் உடல் யாருடையது, அதனைக் காட்டும் உரிமை எங்கிருந்து வந்தது, காண்பவருக்கு அதனிடம் என்ன கடமை உண்டு என்பனவற்றைக் கேட்டுப் பார்ப்பதே முறையாகும்.

காட்டும் கலை

பதப்படுத்தப்பட்ட மனித உடல்களின் கண்காட்சிகள் கடந்த 30 ஆண்டுகளாக உலகப் பெருநகரங்களை வலம் வருகின்றன. இவற்றின் மூலவர் செருமானிய உடற்கூற்றியலார் குந்தர் ஃபொன் ஹாகென்ஸ். ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலத்தில், 1977-இல், 'பிளாஸ்டினேஷன்' என்னும் முறையை அவர் கண்டறிந்தார். முதலில் ஃபார்மலின் செலுத்தி உடல் அழுகாமல் தடுக்கப்படுகிறது. பின்னர்த் தோலும் கொழுப்பும் அகற்றப்பட்டுத் தசைகளும் நரம்புகளும் வெளிப்படுத்தப்படுகின்றன. குளிர்ந்த அசிட்டோன் தொட்டியில் அவ்வுடலை இட்டு வைத்தால், உடலின் நீர் இருந்த இடத்தை அசிட்டோன் பற்றிக்கொள்கிறது. இறுதியாக வெற்றிடக் கலத்தில் அசிட்டோன் ஆவியாகி வெளியேற, அது விட்டுச்சென்ற இடங்களிலெல்லாம் சிலிக்கோன் போன்ற செயற்கைப் பொருள் புகுந்து நிறைகிறது. அதன்பின் உடலை விரும்பிய தோற்றத்தில் நிறுத்தி இறுகச் செய்கின்றனர். ஒரு முழு உடலுக்கு ஏறத்தாழ 1,500 மணி நேர உழைப்பு வேண்டும் என்பர். இவ்வளவும் முடிந்தபின் அவ்வுடலுக்கு நாற்றமில்லை; ஈரமில்லை; அழிவும் இல்லை.

இத்தகைய உடல்கள் 1995-இல் தோக்கியோ நகரில் முதன்முதலாகப் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. 2002-இல் இலண்டனிலும், தமிழர் பெருமளவில் வாழும் டொராண்டோ நகரின் ஒன்ராறியோ அறிவியல் மையத்தில் 2005-இலும் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆம்ஸ்டர்டாமிலும் பெர்லினிலும் நிலையான கூடங்களே தோன்றின. இதுவரை 5 கோடிக்கும் மேற்பட்டோர் கண்டுள்ளனர் என்று அமைப்பாளர்கள் கூறுகின்றனர்.

இக்கண்காட்சிகளுக்கு உரிய நன்மதிப்பை முதலில் வழங்கிவிடுதல் நேர்மையாகும். கண்ணாடிக் குப்பியில் மிதக்கும் உறுப்புகளை மருத்துவ மாணவர் மட்டுமே கண்டுவந்த நிலையை இவை மாற்றின. நலமான நுரையீரலையும் புகையிலையால் கருத்த நுரையீரலையும் அருகருகே காணும் எளிய மனிதர், நூறு அறிவுரைகள் கற்பிக்காததை ஒரு நொடியில் கற்கிறார். தசை, எலும்பு ஆகிய அனைத்தும் நீங்க, இரத்த நாளங்கள் மட்டும் செந்நிற வலையாக நின்று ஒரு மனித வடிவைக் காட்டும்போது, தாயின் வயிற்றில் தம்மை உருவாக்கிய இறைவனை வியந்து பாடிய திருப்பாடல் ஆசிரியரின் உள்ளம் நமக்கும் ஒருவாறு விளங்குகிறது. நம் உடல் இத்துணை அழகியதா என்னும் வியப்பு, இறைவேண்டலுக்கு மிக அருகில் நிற்கும் உணர்வன்றோ!

முகம் இழந்தவர்கள்

ஆயினும் கண்காட்சி இவ்வியப்போடு நின்றுவிடுவதில்லை. உடல்களுக்கு அது வேடம் புனைகிறது. ஒருவர் சதுரங்கப் பலகையின்முன் குனிந்து அமர்ந்திருக்கிறார். மண்டை திறந்து மூளை தெரிகிறது. இன்னொருவர் பாய்ந்தெழும் குதிரைமீது வீற்றிருக்கிறார். மற்றொருவர் தம் தோல் முழுவதையும் உரித்து, கழற்றிய மேலாடையைப் போல் கையில் ஏந்தி நிற்கிறார்.

இவ்விறுதி உருவத்தைக் காணும் கத்தோலிக்கர்க்குப் புனித பர்த்தலமேயுவின் நினைவு வராமல் போகாது. உரோமையின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் மிக்கேலாஞ்சலோ 1541-இல் நிறைவு செய்த இறுதித் தீர்வை ஓவியத்தில், இத்திருத்தூதர் தம் உரிக்கப்பட்ட தோலை ஏந்திக் கிறிஸ்துவின் அருகே இருக்கிறார். அந்தத் தோலில் தொங்கும் முகம் ஓவியரின் சொந்த முகமே என்பர். இரு படைப்புகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் கலையின் நெறி எங்கே பிறழ்கிறது என்பது புலனாகும். ஓவியத்தில் உள்ளவருக்குப் பெயர் உண்டு, வரலாறு உண்டு. அவர் யாருக்காகத் தோலை இழந்தார் என்பதைப் பார்ப்பவர் அறிவார். ஓவியரோ வெறுந்தோலின் இழிநிலையைத் தமக்கென ஏற்றுக்கொண்டார். கண்காட்சியில் நிற்பவருக்குப் பெயர் இல்லை. எவ்வூரார், எவ்வாறு இறந்தார் என்னும் குறிப்பும் இல்லை. படைத்தவரின் பெயர் மட்டும் உலகறிய விளங்குகிறது.

உடலைக் கொடுத்தவர்களின் தனிமையைக் காக்கவே பெயர் மறைக்கப்படுகிறது என்று அமைப்பாளர்கள் விளக்குவர். அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆயினும் பெயரை மறைத்த கை, வேடத்தைப் புனைகிறது. வாழ்நாளில் சதுரங்கக் காயைத் தொட்டிராதவர்கூட இறந்தபின் சதுரங்க வீரர் ஆகிவிடலாம். மறுமொழி கூற இயலாத ஒருவர்மீது வேறொருவரின் கற்பனை ஏற்றப்படுகிறது. 'நாமும் இறந்தோரின் கைகளைக் குவித்துச் செபமாலையைச் சுற்றி வைக்கிறோமே, அதுவும் வேடந்தானே?' என்று ஒருவர் வினவலாம். நல்ல வினாவே. ஆனால், நாம் அவ்வாறு செய்வது அவரைப் பெயர் சொல்லி அழும் மக்களின் நடுவில். அதுவும் சில மணி நேரத்திற்கு. அதன்பின் அவர் மண்ணுக்குரியவர், இறைவனுக்குரியவர். சதுரங்க வீரருக்கோ அந்த ஆட்டம் முடிவதே இல்லை.

2016-இல் உரோமை வெளியிட்ட அறிவுரை ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. இறந்தோரை எரிப்பதற்கு 1963-இலேயே இசைவு தந்த திருச்சபை, எரித்த சாம்பலைத் தூவிவிடுவதையும், அணிகலனாகவோ நினைவுப் பொருளாகவோ ஆக்குவதையும் அவ்வறிவுரையில் விலக்கியது. சாம்பலுக்கே இத்துணை மதிப்பு உண்டெனில், முகமும் கைகளும் உள்ள உடல் வெறும் பொருளாகிவிடலாமோ?

எங்கிருந்து வந்தார்கள்?

கலைத்திறம் பற்றிய வினாவினும் கூர்மையானது உரிமை பற்றிய வினா. ஃபொன் ஹாகென்ஸின் கண்காட்சிக்கு ஆயிரக்கணக்கானோர் தம் வாழ்நாளிலேயே எழுத்து மூலம் உடலை அளிக்க ஒப்பியுள்ளனர் என்று அமைப்பாளர்கள் கூறுகின்றனர். மனமுவந்து ஒருவர் தந்த கொடையை நாம் இகழ வேண்டியதில்லை. ஆனால், அந்த வெற்றியைக் கண்டு முளைத்த போட்டிக் கண்காட்சிகளின் கதை வேறு. அமெரிக்க நிறுவனம் ஒன்று 2005 முதல் நடத்திய கண்காட்சியில் இருந்தவை சீனத்திலிருந்து பெறப்பட்ட உடல்கள். உரிமை கோருவார் இன்றிக் காவல்துறையின் பொறுப்பில் இருந்தவை என்று அவற்றைப் பற்றிக் கூறப்பட்டது. அவர்கள் யாவர்? சிறையில் இறந்தவர்களா? தண்டனைக்கு உள்ளானவர்களா? நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் மேற்கொண்ட விசாரணையின் முடிவில், 2008-இல், அந்நிறுவனம் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. அவ்வுடல்கள் வதைக்கப்பட்டோ கொல்லப்பட்டோ இறந்த கைதிகளுடையவை அல்ல என்று தன்னால் உறுதி கூற இயலாது என்பதை, வாயிலிலேயே எழுதி வைக்க அது ஒப்புக்கொண்டது. அவ்வறிவிப்பைப் படித்த பின்னும் மக்கள் கட்டணம் செலுத்தி உள்ளே சென்றனர் என்பதே நெஞ்சை நெருடும் செய்தி.

பிரான்சு நாடு வேறு வழி சென்றது. மனித உடலுக்குரிய மதிப்பு இறப்போடு முடிந்துவிடுவதில்லை என்று 2008-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று அங்கே வரையறுத்தது. அதனைத் தொடர்ந்து 2009-இல் பாரிசு நீதிமன்றம் இத்தகைய கண்காட்சி ஒன்றை மூடச் செய்தது. அடுத்த ஆண்டு நாட்டின் உச்ச நீதிமன்றமும் அம்முடிவை உறுதிப்படுத்தியது. சமயச் சார்பற்ற அரசு என்று தன்னைப் பெருமையுடன் கூறிக்கொள்ளும் நாடு அது. இறந்த உடலின் மாண்பு சமய நம்பிக்கையாளரின் தனிச்சொத்து அன்று என்பதற்கு இத்தீர்ப்பு ஒரு சான்றாகும்.

நம் நாட்டு எலும்புகள்

அயல்நாட்டாரைக் குறைகூறும்முன் நம் வீட்டைப் பார்ப்பது நலம். நூறாண்டுகளுக்கும் மேலாக உலக மருத்துவக் கல்லூரிகளுக்குச் சென்ற எலும்புக்கூடுகளில் பெரும்பகுதி கல்கத்தாவிலிருந்து கப்பலேறியவை. மேலைநாட்டு மாணவர் எத்தனையோ பேர் கைவிரல் எலும்புகளை எண்ணிப் படித்தது ஏழை இந்தியர் ஒருவரின் கையைக் கொண்டே. எரிப்பதற்கு விறகு வாங்க இயலாதவரும், ஆற்றில் விடப்பட்டவரும், பெயரற்று இறந்தவரும் இவ்வணிகத்தின் சரக்காயினர். குழந்தைகளின் எலும்புக்கூடுகள் பெருந்தொகையில் ஏற்றுமதியாயின என்னும் செய்தி நாட்டை உலுக்கிய பின்னரே, 1985-இல் நடுவண் அரசு அவ்வேற்றுமதியைத் தடை செய்தது.

ஏற்றுமதி நின்றாலும், உள்நாட்டில் மருத்துவக் கல்விக்கு உடல் தேவைப்படுகிறது. அதற்கென 1951-ஆம் ஆண்டின் உடற்கூற்றியல் சட்டம் சென்னை மாநிலத்தில் இயற்றப்பட்டது. மருத்துவமனை முதலிய இடங்களில் இறந்து, உறவினர் எவரும் உரிமை கோராத உடல்களை மருத்துவக் கல்லூரிகளுக்கு வழங்க அது வழிசெய்தது. தேவை உண்மையானது; மறுப்பதற்கில்லை. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1985-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி பின்னர் அரசு மருத்துவக் கல்லூரி ஆகியுள்ளது. இத்தகைய கல்லூரிகளில் பயின்ற மருத்துவரின் கையால் நம் மாவட்டத்தில் எத்தனை உயிர்கள் பிழைத்திருக்கும்! அம்மருத்துவரின் முதல் ஆசிரியர், மேசைமீது கிடந்த பெயர் அறியாத ஒரு மனிதர். அவரை அங்கு அனுப்பியது அவருடைய விருப்பமா? அவருக்கு எவரும் இல்லை என்னும் வறுமையே அவரை அங்கு அனுப்பியது.

இது பழைய கதையின் தொடர்ச்சி. 1543-இல் உடற்கூற்றியலுக்கு அடித்தளமிட்ட நூலை வெளியிட்ட வெசாலியுஸ், தூக்கிலிடப்பட்டவர்களின் உடல்களை அறுத்தே கற்றார். அயர்லாந்தைச் சேர்ந்த சார்லஸ் பைர்ன் என்னும் நெட்டையர், அறுவை மருத்துவர்களின் கையில் சிக்காதிருக்கும் பொருட்டுத் தம்மைக் கடலில் அடக்கம் செய்யுமாறு வேண்டிக்கொண்டு 1783-இல் இறந்தார். ஆனால், அவர் உடல் விலைக்கு வாங்கப்பட்டது. அவரது எலும்புக்கூடு இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக இலண்டன் அருங்காட்சியகத்தில் நின்றது. 2023-இல்தான் அது காட்சியிலிருந்து அகற்றப்பட்டது. இன்னும் கடலைச் சேரவில்லை. அரசர்களின் உடல் அறிவியலுக்கென்று பிடித்துச் செல்லப்பட்டதாக நாம் படிப்பதில்லை. காட்சிப் பொருளானவர்கள் கைதிகள், ஏழைகள், அடிமைப்பட்ட நாட்டினர், இயல்புக்கு மாறான உருவம் உடையவர்கள்.

ஆதிச்சநல்லூரின் கண்ணாடி

தமிழகத்திலேயே இறந்தோரைக் கண்ணாடியின் வழியே காணும் இடம் ஒன்று இப்போது உண்டு. தாமிரபரணிக் கரையில் உள்ள ஆதிச்சநல்லூரில், அகழ்ந்தெடுத்த குழிகளின்மேல் கண்ணாடித் தளம் அமைத்து, முதுமக்கள் தாழிகளை அவை கிடந்த இடத்திலேயே காணும் வகை செய்யப்பட்டுள்ளது. 2023 ஆகஸ்டு 5-ஆம் நாள் இது திறந்து வைக்கப்பட்டது. இங்கிருப்பவை பதப்படுத்திய உடல்கள் அல்ல. தாழிகளும் எஞ்சிய எலும்புகளும் மட்டுமே. எனினும் இறந்தோரைக் காட்டுவது எப்படி என்னும் நம் வினாவுக்கு இவ்விடம் ஒரு விடை தருகிறது.

இதன் அருமையை உணர, முன்னர் நடந்தவற்றை நினைவுகூர வேண்டும். 1876-இல் செருமானிய அறிஞர் யாகோர் இங்கே தோண்டி எடுத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டு சென்றார். அலெக்சாண்டர் ரீ 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அகழ்ந்து பெற்றவை சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. இங்குக் கிடைத்த மண்டையோடுகளை அளந்து சக்கர்மன் எழுதிய ஆய்வைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1930-இல் வெளியிட்டது. மண்டையோட்டின் நீள அகலங்களைக் கொண்டு மக்களை இனம் இனமாக வகுத்துவிடலாம் என்று அறிஞருலகம் நம்பிய காலம் அது. இலங்கை வேடர்களின் மண்டையோடுகள் இவ்வாறே எடின்பரோ பல்கலைக்கழகத்தைச் சென்றடைந்தன. அவற்றுள் ஒன்பதை 2019-இல் அப்பல்கலைக்கழகம் வேடர் தலைவரிடம் திருப்பி ஒப்படைத்தது. நெடுங்காலம் 'மாதிரி' என்று அழைக்கப்பட்டவர்கள் அன்று மீண்டும் 'முன்னோர்' ஆயினர். உரிமை கோருவதற்கு ஒருவர் வந்ததால் நிகழ்ந்த மாற்றம் அது.

ஆதிச்சநல்லூரின் கண்ணாடித் தளம் இவ்வகையில் ஒரு முன்னேற்றமே. இறந்தவர் தம் மண்ணை விட்டு அகற்றப்படவில்லை. அவரை அடக்கம் செய்தவர்கள் உடன்வைத்த கலங்கள் அவரோடு கிடக்கின்றன. அக்கலங்களைக் காணும்போது, இத்தாழிக்குள் இருப்பவர் ஒரு காலத்தில் யாரோ ஒருவரால் அன்போடு வழியனுப்பப்பட்டவர் என்பது தெரிகிறது. பிளாஸ்டினேஷன் கண்காட்சியில் நமக்குக் கிட்டாத செய்தி இதுவே. அங்கே உடல் தனித்து நிற்கிறது. இங்கே உடலைச் சுற்றி ஓர் உறவு நிற்கிறது. குறையும் இல்லாமல் இல்லை. தளம் கண்ணாடியாதலால், நம் காலடிக்கீழ் அவர்கள் கிடக்கிறார்கள். கல்லறைமீது கால் படாமல் ஒதுங்கி நடக்கக் கற்பிக்கப்பட்டவர்கள் நாம். அங்குச் செல்வோர் தம் பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கத்தை நினைவூட்டிச் சற்று நேரம் அமைதியாக நிற்பார்களாயின், அருங்காட்சியகம் தராத ஒன்றை அவர்களே அதற்குத் தந்தவர்கள் ஆவர்.

சவேரியார் முன்

இதே தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயல் பகுதியிலும் முத்துக்குளித்துறை எங்கும் 1542 முதல் நடந்து திரிந்தவர் புனித பிரான்சிஸ் சவேரியார். அவருடைய உடலைக் காண 2024 நவம்பர் 21 முதல் 2025 சனவரி 5 வரை கோவாவில் இலட்சக்கணக்கானோர் வரிசையில் நின்றனர். 'உங்கள் திருச்சபையும் உடலைக் கண்ணாடிப் பேழையில் வைத்துத்தானே காட்டுகிறது?' என்று கேட்பவருக்கு நாம் விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

விடையை உண்மையிலிருந்து தொடங்குவோம். 1552 திசம்பர் 3-இல் சீனக் கரையோரத் தீவில் அவர் இறந்தபோது, எலும்புகளை விரைவில் எடுத்துச் செல்லலாம் என்னும் எண்ணத்தோடு சுண்ணாம்பு இட்டுப் புதைத்தனர். சில திங்கள் கழித்துத் திறந்தபோது உடல் கெடாதிருந்தது. மலாக்கா வழியாக 1554-இல் கோவா வந்தடைந்தது. 1614-இல் அவரது வலது முன்கை வெட்டப்பட்டு உரோமைக்கு அனுப்பப்பட்டது. வேறு பகுதிகளும் பல இடங்களுக்குப் பகிரப்பட்டன. எண்ணற்றோருக்குத் திருமுழுக்கு அளித்த கை என்பதால் கேட்கப்பட்டது என்றாலும், இன்று அச்செய்தியைப் படிக்கும்போது நம் உடல் சிலிர்க்கவே செய்கிறது. 'என் உடலை இவ்வாறு செய்யுங்கள்' என்று அவர் சொல்லிச் சென்றதில்லை. இவ்வகையில், அன்பின் பெயரால் செய்யப்பட்டதாயினும், இசைவு என்னும் வினாவுக்கு நாமும் விலக்கானவர்கள் அல்லர். திருச்சபை இதனை உணராமலில்லை. அருளிக்கங்களை விற்பதையும் தகாத இடங்களில் காட்டுவதையும் 2017-ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறி கண்டிப்பாக விலக்குகிறது.

எனினும் வேறுபாடு உண்டு. கோவா வரிசையில் நிற்கும் மணப்பாட்டுப் பெண்மணி ஓர் 'உடலை'ப் பார்க்கச் செல்லவில்லை. தம் முன்னோருக்குத் தமிழில் செபம் கற்பித்த ஒருவரைப் பார்க்கச் செல்கிறார். அவரைப் பெயர் சொல்லி அழைக்கிறார், தம் மகனின் நோயைச் சொல்லி மன்றாடுகிறார், நேர்ந்துகொள்கிறார். இருவருக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் உண்டு. இந்த உறவு அறுந்துபோய், 'எவ்வளவு சுருங்கிவிட்டது பார்' என்னும் வேடிக்கை மட்டும் எஞ்சுமாயின், பேராலயமும் கண்காட்சிக் கூடமாகிவிடும். பார்ப்பவரின் உள்ளமே அங்கு எல்லைக்கோடு.

உடலைக் காட்டாமலே இவ்வுறவு நிலைக்கும் என்பதற்கும் நம்மிடம் சான்று உண்டு. 1752 சனவரி 14-இல் ஆரல்வாய்மொழியின் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளையின் உடல் காட்டில் எறியப்பட்டது. எஞ்சியவற்றைத் தேடி எடுத்து வந்து கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் எளிய மக்கள் அடக்கம் செய்தனர். 2022-இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். அன்று காட்டுக்குள் சென்று எலும்புகளைத் தேடியவர்கள் செய்தது, 'இவர் எங்களுடையவர்' என்று உரிமை கோரியதே.

கேட்டு வாங்கியவர்

மேற்கண்ட எல்லாச் செய்திகளிலும் ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது. உரிமை கோரப்படாதவர் மேசைக்கும் கண்ணாடிப் பேழைக்கும் செல்கிறார். உரிமை கோரப்பட்டவர் மண்ணுக்கும் நினைவுக்கும் செல்கிறார். கல்வாரியில் தண்டனை பெற்று இறந்தவரின் உடலும் அன்றைய சட்டப்படி அரசின் கையில் இருந்தது. சீடர் பலர் ஓடிவிட்டனர். அரிமத்தியா யோசேப்பு துணிந்து பிலாத்துவிடம் சென்று அவ்வுடலைக் கேட்டார் என்று நற்செய்தி நூல்கள் நான்கும் தவறாமல் குறிப்பிடுகின்றன. உயிர்ப்பின் விடியலுக்குமுன் மனிதர் இயேசுவுக்குச் செய்த கடைசிப் பணிவிடை, ஒருவர் அவருடைய உடலுக்கு உரிமை கோரியதே. நாடு கடத்தப்பட்டு வாழ்ந்த தோபித்து, தெருவில் எறியப்பட்டவர்களைத் தம் உயிருக்கு அஞ்சாமல் அடக்கம் செய்ததும் இவ்வகையே. யூதாசின் வெள்ளிக்காசுகளால்கூட அந்நியரை அடக்கம் செய்ய ஒரு நிலம் வாங்கப்பட்டது! இறந்தோரை அடக்கம் செய்வதை இரக்கச் செயல்களுள் ஒன்றாகத் திருச்சபை வைத்திருப்பது காரணமின்றி அன்று.

அப்படியானால் நாம் செய்யத்தக்கது யாது? முதலாவது, மருத்துவக் கல்விக்கு உடல் தேவை என்பதை ஏற்கும் நாம், அச்சுமையை ஏழைகளின் தலையில் மட்டும் ஏற்றிவிடலாகாது. இறந்தபின் உறுப்புகளை மனமுவந்து தருவதை 1992-ஆம் ஆண்டின் மறைக்கல்வி நூல் பாராட்டத்தக்கதாகவே கூறுகிறது. உடலை மருத்துவக் கல்விக்கு அளிப்பதையும், எஞ்சியது மதிப்புடன் நடத்தப்படும் என்னும் உறுதி இருக்குமாயின், திருச்சபை தடுப்பதில்லை. கேட்பாரற்றவரின் உடல் எடுக்கப்படும் இடத்தில், கற்றவரும் வசதி படைத்தவரும் தம் உடலைக் கொடுக்க முன்வருவார்களாயின், அது அன்பின் கொடையாகும். எடுத்தலுக்கும் கொடுத்தலுக்கும் உள்ள தொலைவை நற்கருணை விருந்தில் பங்குபெறுவோருக்கு எடுத்துரைக்க வேண்டுமோ?

இரண்டாவது, ஒவ்வொரு பங்கிலும் இறந்தோர் அடக்கத்திற்கென உதவும் சபைகளும் அன்பியங்களும் தம் பங்கு மக்களுக்கு மட்டுமின்றி, அரசு மருத்துவமனையில் எவருமின்றி இறப்பவருக்கும் பொறுப்பேற்கலாம். சமயம் கேட்க வேண்டியதில்லை. ஒரு குழியும் சில மலர்களும் போதும். நம் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் சாதியின் பெயரால் எழுப்பப்பட்ட சுவர்களைப் பற்றியும் இங்கு எண்ணாதிருக்க இயலவில்லை. தோல் நீக்கிய உடல்களைக் காட்டும் கண்காட்சி, உள்ளே எல்லாரும் ஒன்றே என்பதையாவது கற்பிக்கிறது. உயிர்ப்பை நம்பும் நாம் இறந்தோருக்கு இடையே சுவர் வைத்திருப்போமாயின், அக்கண்காட்சியைக் குறைகூறும் தகுதியை இழக்கிறோம்.

மூன்றாவது, யாவற்றினும் முதன்மையானது. உரிமை கோருவார் இல்லாத உடல் என்று இறப்புக்குப்பின் எழுதப்படுகிறவர், பெரும்பாலும் உயிரோடிருந்தபோதே உரிமை கோருவார் இன்றி அலைந்தவர். 1867-இல் வடலூரில் தருமச்சாலையின் அடுப்பை மூட்டிய அடிகளார் இதனை அறிந்திருந்தார். அந்த அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. வீடற்றவரும் முதியோரும் இன்றும் அங்கே பசியாறுகின்றனர். இரயில் நிலையத்தின் மூலையிலும் ஆலய வாயிலிலும் அமர்ந்திருக்கும் அவர்களுள் ஒருவரின் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டறிந்திருக்கிறோம்? நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைகளை மலரால் அணிசெய்து, மெழுகுவர்த்தி ஏற்றி, நம் முன்னோரின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி மன்றாடுகிறோம். அவ்வாண்டில் நம் ஊர் மருத்துவமனையில் பெயரின்றி இறந்தவர்களுக்கென ஒரு மெழுகுவர்த்தியும், உயிரோடிருக்கும் ஒருவரிடம் 'உங்கள் பெயர் என்ன, ஐயா?' என்னும் ஒரு கேள்வியும் அவ்வழிபாட்டோடு சேரட்டும்.